ஊர்ப்புறத்து வார்ப்பிரும்புத் தபால் பெட்டி: அதன் மதிப்பு எங்கே இருக்கிறது?

2025 செப்டம்பருக்குக் கொஞ்சம் முன்னால் வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றோ சுற்றென்று சுற்றியது. செப்டம்பர் 1 முதல் தபால் பெட்டிகளையெல்லாம் பிடுங்கப் போகிறார்கள், கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்தத் தேதிக்கு அறிவித்திருந்தது என்னவோ பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ப்பது மட்டும்தான், பெட்டிகளை எடுப்பது அதில் எங்கேயும் இல்லை. ஆனால் அதற்குள் இருபது வருடமாக ஒரு கார்டுகூடப் போடாதவர்கள் எல்லாம் ஸ்டேட்டஸில் அழுது முடித்திருந்தார்கள். அவர்கள் வைத்த படங்களில் பாதி, லண்டன் தெருவில் நிற்கும் கிரீடம் போட்ட பெட்டி. தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் லண்டன் பெட்டிக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி உள்ள பெட்டி குப்பைத்தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றது.

சரி, அழுதது போகட்டும். இந்தப் பழைய வார்ப்பிரும்புப் பெட்டிகளுக்கு உண்மையிலேயே மரபு மதிப்பு உண்டா, உண்டென்றால் அது எதில் இருக்கிறது, அதிலும் ஊர்ப்புறத்தில் நிற்கும் பெட்டிக்கு ஏன் தனியாகக் கவனம் வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. பழசு என்பதாலேயே ஒன்று பொக்கிஷம் ஆகிவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். பழசு என்றால் எங்கள் வடசென்னைப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது காயலான் கடைதான்.

முதலில் எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் கண்ணில் படும் தபால் பெட்டிகளில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பே கிடையாது. மெல்லிய இரும்புத் தகட்டை வளைத்து, ஓரங்களைப் பற்றவைத்து, சிவப்பு அடித்துச் சுவரிலோ கம்பத்திலோ மாட்டியவை. கிராமங்களில் பள்ளிக்கூடச் சுவரிலும் பஞ்சாயத்து அலுவலக வாசலிலும் வேப்பமரத்திலும் தொங்குகிறவை அநேகமாக இந்தத் தகட்டுப் பெட்டிகள்தான். வார்ப்பிரும்புப் பெட்டி வேறு ஜாதி. தரையில் நட்டு வைத்த தூண், தலையில் குடை மாதிரி ஒரு மூடி, அதற்குக் கீழே மழை உள்ளே அடிக்காதபடி வாய், நடுவில் கதவு, அடியில் கறுப்புப் பட்டை. எழுத்துகள் பெயிண்டில் எழுதியவை அல்ல, இரும்போடு இரும்பாக மேலெழும்பி நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே படிக்கலாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேறெங்கும்விட வடசென்னையில் சட்டென்று தெரியும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கிரில் கேட், சைக்கிள் ரிம், மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் என்று எதையும் விடாது. தகட்டுப் பெட்டியில் மழைத் தண்ணீர் அடித்தட்டில் போய்த் தேங்கும், பற்றவைத்த ஓரத்தில் துரு பிடிக்கும், கொஞ்ச காலத்தில் அடித்தட்டு சல்லடையாகிவிடும். மேலே புது பெயிண்ட் மின்னும், உள்ளே போட்ட கடிதம் கீழே நடைபாதையில் கிடக்கும். வார்ப்பிரும்பு அப்படிச் சீக்கிரம் போகாது. அதில் கார்பன் அளவு சாதாரண இரும்பைவிட மிக அதிகம், நூற்றுக்கு இரண்டு முதல் நாலு பங்கு வரைக்கும், அந்தக் கார்பன் உள்ளுக்குள் சின்னச் சின்ன கிராஃபைட் செதிலாகப் படிந்திருக்கும். மணல் அச்சில் ஊற்றும்போது மேற்புறத்தில் கெட்டியான ஒரு தோலும் உண்டாகும். துரு பிடிக்கும், ஆனால் பிடித்த துரு தகடு தகடாக உரிந்து விழாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். சுவரின் கனமும் சேர்ந்துகொள்வதால் தலைமுறைக் கணக்கில் தாங்குகிறது.

இதன் பலவீனமும் அதே கிராஃபைட்தான். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. தகட்டுப் பெட்டியில் வண்டி மோதினால் நசுங்கும், தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பிரும்பில் மோதினால் விரிசல் விடும், இல்லையென்றால் துண்டாகத் தெறிக்கும். சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால் ஆறும்போது பக்கத்திலேயே இன்னொரு விரிசல் வரும். முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிடத் தெரிந்த ஆள் வேண்டும். மணலி சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் லட்சணத்தைப் பார்த்தவர்களுக்கு, சாலையோரப் பெட்டி ஒன்று இன்னும் முழுசாக நிற்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது புரியும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது பல இடங்களில் கிடைக்கிற கதைதான். தெருவில் தூண் மாதிரி பெட்டி நடும் யோசனையை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஆன்டனி டிரோலப் என்பவர் முன்வைத்தார், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் வாங்கியவர் அவரேதான். 1852-ல் ஜெர்சி தீவில் முதலில் நட்டுப் பார்த்தார்கள், அடுத்த வருடம் பிரிட்டனுக்குள் வந்தது. கொஞ்ச காலம் பச்சை அடித்தார்கள், பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஜனங்கள் தடுமாறியதால் 1874 முதல் சிவப்புக்கு மாறியது. 1879-ல் உருண்டை வடிவம் வந்தபோது அதில் மகாராணியின் முத்திரையைப் போடவே மறந்துவிட்டார்கள், எட்டு வருடம் கழித்து 1887-ல்தான் சரிசெய்தார்கள். அரசாங்க வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான். நம் பக்கத்தில் மெட்ராஸ் ஜி.பி.ஓ. என்ற தலைமை அஞ்சலகம் 1786-லேயே தொடங்கிவிட்டது, இன்று ராஜாஜி சாலையில் நிற்கும் சிவப்புக் கட்டிடம் கட்டிடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1884-ல் வந்தது. இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால்தலை 1854 அக்டோபரில், காலணா போஸ்ட் கார்டு 1879-ல். கார்டு வந்த பிறகுதான் சாதாரண ஜனங்கள் கைக்குத் தபால் எட்டியது, பெட்டிகளின் தேவையும் அதோடுதான் பெருகியது.

ஆட்சி மாறும்போது இந்தப் பெட்டிகளை என்ன செய்தார்கள் என்பது தனிச் சுவாரஸ்யம். அயர்லாந்து 1922-ல் தனி நாடானதும் விக்டோரியாவின் எழுத்தும் கிரீடமும் பொறித்த பெட்டிகளைப் பிடுங்கவில்லை. அதன் மேலேயே பச்சை அடித்துவிட்டார்கள், வேலை முடிந்தது. இன்றைக்கும் அங்கே பச்சை பெயிண்டுக்கு அடியில் ராணி முத்திரை எழும்பி நிற்கிறது. ஸ்காட்லாந்தில் நடந்தது வேறு. இரண்டாம் எலிசபெத் என்ற பொறிப்போடு எடின்பரோவில் வைத்த பெட்டியை 1953-ல் வெடி வைத்தே தகர்த்தார்கள், எங்களுக்கு முதலாம் எலிசபெத்தே இருந்ததில்லையே, இரண்டாவது எங்கிருந்து வந்தார் என்பது அவர்கள் வாதம். நம் கன்னியாகுமரி மாவட்டம் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கோ தனி அஞ்சல் துறையே இருந்தது, சங்கு முத்திரை போட்ட பச்சைப் பெட்டி. 1951-ல் அது இந்திய அஞ்சல் துறையோடு சேர்ந்தது. பெட்டியில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம், அந்த மண்ணில் யார் கையில் அதிகாரம் இருந்தது என்பதற்கு இரும்பில் எழுதிய ரசீது அது.

இனி ஊர்ப்புறத்துக்கு வருவோம். கிராமத்தில் அநேகமாகத் தகட்டுப் பெட்டிதான் என்றால், அங்கே எப்போதாவது கண்ணில் படும் வார்ப்பிரும்புத் தூண் எப்படி வந்தது? நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள ஒன்றை மாட்டு வண்டியிலோ ரயிலிலோ படகிலோ கொண்டுவந்து, பீடம் கட்டி, நட வேண்டும் என்றால் அங்கே கடிதம் குவிந்திருக்க வேண்டும். அதாவது அந்த ஊரில் அப்போது ஏதோ ஒன்று இருந்திருக்கிறது: ரயில் நிலையம், உப்பு இலாகா அலுவலகம், மிஷன் பள்ளிக்கூடம், துறைமுகம், மில், ஜமீன் கச்சேரி. இன்றைக்கு அந்த அலுவலகம் இடிந்து தரைமட்டமாகி, அதன் மேல் கல்யாண மண்டபம் வந்திருக்கலாம். பெட்டி மட்டும் பழைய வாசலைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

வடசென்னைக்கு வடக்கே போகும் தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி. இன்று அத்திப்பட்டு என்றால் அனல்மின் நிலையம், எண்ணூர் என்றால் துறைமுகம் என்றுதான் பேச்சு. ஆனால் இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் உப்பளத்தில் ஓடிய பிழைப்பு. இங்கே விளைந்த உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறி சென்னையின் உப்புக் கிடங்கான சால்ட் கோட்டார்ஸ் வரைக்கும் போனது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூலிகளை வைத்து வெட்டி நீட்டிய கால்வாய் அது, அப்போதைய கவர்னர் பெயரைத்தான் சுமக்கிறது. உப்புக்கு வரி, வரிக்குக் கணக்கு, கணக்குக்குத் தபால். இப்படி ஒரு தடத்தில் பழைய பெட்டி எங்கெல்லாம் நின்றது என்று குறித்துக்கொண்டே போனால், எந்த ஊர் எப்போது பெரிய ஊராக இருந்தது, எப்போது ஓய்ந்தது என்ற வரைபடமே கிடைத்துவிடும். ஆவணக் காப்பகத்தில் போய்த் தேடுகிறவருக்கும் இது நல்ல தொடக்கப் புள்ளி.

இன்னொரு விஷயம், நகரத்துப் பெட்டிகளைவிட ஊர்ப்புறத்துப் பெட்டிகள்தான் பெரும்பாலும் பழசாக மிஞ்சுகின்றன. பிரிட்டனின் பெருநிலத்தில் இன்னும் வேலை செய்யும் மிகப் பழைய தூண் பெட்டி லண்டனில் இல்லை, டார்செட் பகுதியில் ஹோல்வெல் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், பார்ன்ஸ் கிராஸ் என்னும் நாட்டுப்புறக் கூட்டுச்சாலையில் நிற்கிறது. எண்கோண வடிவம், வாய் நெட்டுக்குத்தாக இருக்கும், 1853-க்கும் 1856-க்கும் இடையில் குளாஸ்டரில் உள்ள ஒரு வார்ப்பகத்தில் செய்தது. நகரத்தில் கூட்டம் கூடக் கூடப் பெரிய பெட்டி வந்தது, சாலை விரிவாக்கம் வந்தது, பழசு தூக்கி எறியப்பட்டது. கிராமத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் பிழைத்தது. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவதே பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு கட்டம் வரைக்கும்தான் காப்பாற்றும்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அந்தக் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் 2011-ல் மாநகராட்சிக்குள் வந்தன. ஊராக இருந்தது வார்டு ஆனது. அதற்கு முன்பே தொழிற்சாலைகளும் துறைமுகமும் வந்து சாலைகள் அகலமாகத் தொடங்கிவிட்டன. சாலை போடுவது என்றால் நம் ஊரில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு ஊற்றுவது, அடுத்த முறை அதற்கு மேல் இன்னொன்று. வீட்டு வாசல் பள்ளமாகி மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிற கதை எல்லாருக்கும் தெரியும். தூண் பெட்டிக்கும் அதேதான் நடக்கிறது. நின்ற இடத்திலேயே முழங்கால் வரைக்கும் புதைகிறது. முதலில் கறுப்புப் பட்டை மறையும், அப்புறம் கதவின் அடி ஓரம் தாரில் உரசும், கதவு முழுசாகத் திறக்காது. தபால் எடுக்க வருகிறவர் பாதி திறந்த கதவுக்குள் கையை விட்டுத் துழாவுவார்.

இதில் யாரும் கவனிக்காத நஷ்டம் ஒன்று உண்டு. இந்த வகைப் பெட்டிகளில் செய்த பட்டறையின் பெயரை அடிப்பட்டையில் வார்ப்பது வழக்கம். எங்கே வார்த்தது, கப்பலில் வந்ததா இங்கேயே ஊற்றியதா என்று சொல்லும் ஒரே வரி அதுதான், அதைத்தான் தார் முதலில் மூடுகிறது. இன்னொன்று இரும்பு சம்பந்தப்பட்டது. காற்றில் தாக்குப்பிடிக்கிற வார்ப்பிரும்பு, உப்பு ஊறிய ஈர மண்ணில் நிரந்தரமாகப் புதைந்து கிடந்தால் வேறு மாதிரி கெடும். இரும்பு மெல்லக் கரைந்து போய்விடும், கிராஃபைட் மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கும். பார்த்தால் முழுசாக இருக்கும், பேனாக்கத்தியால் சுரண்டினால் பென்சில் முனை மாதிரி உதிரும். மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்த பெட்டி, ஒருநாள் யாரோ சாய்ந்து நின்றதற்கே அடியோடு பெயர்ந்து விழுந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பெயிண்டும் ஒரு விதத்தில் எதிரிதான். வருடக்கணக்கில் சுரண்டாமல் எனாமல் மேல் எனாமலாக அடித்து, எழுத்துகளின் பள்ளமெல்லாம் நிரம்பி, எந்த எழுத்து என்றே தெரியாத மொழுக்கையாகிவிடும். ஆர்வக் கோளாறில் சில இளைஞர் குழுக்கள் ஊரை அழகுபடுத்துகிறோம் என்று கிரைண்டிங் வீல் வைத்துத் தேய்த்து, எழுத்தில் தங்கக் கலர் அடித்துவிடுகிறார்கள். கிரைண்டர் வார்ப்பின் மேல் தோலையே எடுத்துவிடும், அதற்குப் பிறகு துரு வேகமாக இறங்கும். பழைய அடுக்குகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் தேய்க்கும் தூசியும் நல்லதில்லை. கெமிக்கல் போட்டு இளக்கி, கம்பி பிரஷ்ஷால் மெதுவாக எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து, மேலே எனாமல். இவ்வளவுதான் வேலை, பெரிய செலவும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரலாம். ஆனால் ஒரு பெட்டிக்கு நூறு வயது ஆகிவிட்டது என்று யார் நிரூபிப்பது, அதற்கான வரி தாருக்கு அடியில் இருக்கிறதே. சென்னையில் நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் 467 மரபுக் கட்டிடங்கள் வந்தன, கட்டிடங்கள். தெருவில் நிற்கும் சாமான்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. எங்கிருந்தோ வந்து வியாபாரம் செய்து இங்கே செத்தவர்களின் கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை, நம் தாத்தா பாட்டி கார்டு போட்ட இரும்புக்குக் கிடைக்கவில்லை. கல்லறைக்குக் கொடுத்தது தப்பில்லை, அந்தக் கல் செதுக்கு வேலை அவ்வளவு நேர்த்தி. இதற்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் இதை எளிதாக முடித்தார்கள். 2002-ல் அஞ்சல் நிறுவனமும் மரபு அமைப்பும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன: பயன்பாட்டில் இருக்கும் பெட்டி எதுவானாலும் அது நிற்கும் இடத்திலேயே நிற்க வேண்டும், நகர்த்துவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும், வைத்திருப்பதற்கு இல்லை. நூறு வயதா ஐம்பது வயதா என்ற சண்டையே கிடையாது. எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கிறது, ஏனென்றால் மதிப்பு எதில் இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்: இருக்கும் இடம், நடக்கும் வேலை.

இங்கேதான் என் பக்கத்து வாதம். பழைய பெட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் நம்மவர்களுக்கு வரும் முதல் யோசனை, தூக்கிக்கொண்டு போய் மியூசியத்தில் வைத்துவிடலாம் என்பது. அல்லது ஈ.சி.ஆர். ரிசார்ட் வாசலிலோ, பழைய காலத்து அலங்காரம் செய்த காபிக் கடையிலோ நிறுத்துவது. டென்மார்க்கில் 1624 முதல் இருந்த கடித விநியோகத்தை 2025 டிசம்பரோடு அரசு அஞ்சல் நிறுவனம் நிறுத்திக்கொண்டது, தெருவிலிருந்து எடுத்த சிவப்புப் பெட்டிகளை விற்பனைக்கு வைத்தபோது மடமடவென்று விற்றுப்போனதாம். வாங்கியவர்கள் தோட்டத்தில் வைத்து அழகு பார்ப்பார்கள். இரும்பு பிழைத்துவிட்டது, சரி. ஆனால் எந்தத் தெரு முனையில் நின்றது, யார் கடிதம் போட்டார்கள் என்ற செய்தி அதோடு அறுந்துபோயிற்று. நிற்கும் இடத்தில்தான் அது சாட்சி. பெயர்த்து எடுத்தால் எடை.

ஊர்ப்புறப் பெட்டிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே அது கடிதம் போடும் இடம் மட்டும் கிடையாது. துறைமுகத்திலும் மரத்தொட்டியிலும் மில்லிலும் வேலை தேடி ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் வந்து சேர்ந்தவர்களுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களெல்லாம் இப்படியொரு பெட்டி வழியாகத்தான் வந்தன. விலாசத்தில் ஆள் பெயர், அடுத்த வரியில் மே/பா போட்டு மேஸ்திரி பெயரோ டீக்கடைப் பெயரோ, அப்புறம் தெரு. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும், டீக்கடை மாறாது. 1950-ல் இன்லேண்ட் வந்தபிறகு மூன்று பக்கமும் எழுதி, மடிக்கும் ஓரத்திலும் நெருக்கி எழுதி, பசை போட்டு ஒட்டினார்கள். எழுதத் தெரியாதவருக்கு வாத்தியாரோ தபால்காரரோ எழுதிக் கொடுப்பார். இன்றைக்கு வடசென்னையில் மூன்றாம் தலைமுறையாக இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு, பூர்வீகம் என்பது அந்த ஊர்ப் பெட்டி நின்ற முனைதான்.

இதையெல்லாம் ரொம்பப் புனிதமாக்கிவிடவும் வேண்டாம். மொட்டைக் கடிதாசியும் இதே பெட்டியில்தான் விழுந்தது. சின்ன ஊரில் தபால் எடுக்கிறவருக்கு யார் கையெழுத்து எது என்று அத்துப்படி, அதனால் மொட்டைக் கடிதாசி எழுதுகிறவர் ரெண்டு ஊர் தள்ளிப் போய்ப் போட்டுவிட்டு வருவார். தீபாவளிக்குப் பெட்டிக்குள் பட்டாசைக் கொளுத்திப் போடும் வானரங்களும் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. பிக்பாக்கெட் அடிப்பவர்களில் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு லைசென்ஸையும் ரேஷன் கார்டையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவது சென்னையில் பழைய வழக்கம், தொலைத்தவர் வீட்டுக்கே அது திரும்பி வந்த கதைகள் நிறைய. கடிதத்துக்காக மட்டும் வைத்த பெட்டி இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

பயன்பாடு குறைந்துவிட்டதே, யார் இப்போது கடிதம் போடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தந்தியை 2013 ஜூலையில் நிறுத்தினார்கள், பெட்டிக்கும் ஒருநாள் அது வரலாம். ஆனால் தந்தி போல இது அவ்வளவு சுலபமாக நிற்காது. நாட்டில் 1.6 லட்சத்துக்கும் மேல் அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில். கிளை அஞ்சலகம் நாலைந்து மணி நேரம்தான் திறந்திருக்கும், மீதி நேரத்துக்கு அந்த ஊரில் அஞ்சல் துறை என்றால் அந்தப் பெட்டி மட்டும்தான். தபால் எடுத்ததற்கு அத்தாட்சியாகப் பெட்டிக்குள் ஒட்டிய பார்கோடைச் செல்போனில் ஸ்கேன் செய்யும் முறை பல இடங்களில் வந்துவிட்டது. அதற்கு முன்பும் மேற்பார்வையாளர்கள் தாங்களே சோதனைக் கடிதம் ஒன்றைப் போட்டு, அது உரிய நேரத்தில் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது உண்டு. அடுத்து எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று காட்டும் சின்னத் தகடு பழைய பெட்டிகளில் உண்டு. எடுத்து முடித்ததும் தகட்டை மாற்றிச் செருக வேண்டும். நீங்கள் பார்க்கும் பெட்டியில் அந்தத் தகடு மாறிக்கொண்டே இருந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். துருப்பிடித்து ஒரே மணியில் நின்றிருந்தால் கவலைப்பட வேண்டிய நேரம்.

ஏனென்றால் ஒரு பெட்டியை வைத்திருப்பதா, எடுப்பதா, வேறு முனைக்கு மாற்றுவதா என்பதை அதில் விழும் கடிதங்களைக் கணக்கெடுத்துத்தான் பார்க்கிறார்கள். மாதக் கணக்கில் ஒன்றும் விழாத பெட்டிக்கு ஆளை அனுப்பித் திறக்கச் சொல்வதை எந்த அதிகாரியாலும் நியாயப்படுத்த முடியாது. எடுத்த பெட்டி கிடங்குக்குப் போகும், கிடங்கிலிருந்து பழைய சாமான் ஏலத்துக்கு. ஏலத்தில் அது வார்ப்பிரும்புக் கழிவு, கிலோ கணக்கு. உருக்கினால் மேன்ஹோல் மூடியாகத் திரும்பி வரும்.

ஆகவே ஊரில் இருப்பவர்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். பெட்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள், அதில் மூடி, வாய், கதவு, எழுத்து, அடிப்பட்டை தெரிய வேண்டும். சாய்வான வெயிலில், காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ எடுத்தால் பெயிண்டுக்கு அடியில் மழுங்கிப்போன எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம், கல்வெட்டுக்காரர்கள் மசியைத் தட்டிப் படி எடுப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். எந்தக் கட்டிடத்துக்கு எதிரே நிற்கிறது, அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, நீங்களாகச் சுரண்டவோ தோண்டவோ பெயிண்ட் அடிக்கவோ இறங்காதீர்கள், அது அஞ்சல் துறையின் சொத்து, பொதுச் சொத்துச் சேதம் என்று வழக்கே வரலாம். அடி புதைந்திருந்தால் தாரைச் சுற்றிலும் வெட்டி, பெட்டியைத் தூக்கிப் புதுப் பீடத்தில் நிறுத்த வேண்டும். செயின் பிளாக் வைத்துக்கொண்டு பக்குவம் தெரிந்த நாலு பேர் இருந்தால் அரை நாள் வேலை. பெரம்பூர் ரயில்வே பட்டறையும், 1959-ல் தொடங்கிய எண்ணூர் பவுண்டரியும் இருந்த இந்தப் பக்கத்தில் வார்ப்பு வேலை தெரிந்த, ஓய்வு பெற்ற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உடைந்த மூடிக்குப் பேட்டர்ன் செய்து மணலில் அச்செடுத்து ஊற்றித் தரச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

இதற்கெல்லாம் அனுமதி தர வேண்டியது அந்தக் கோட்டத்தின் அஞ்சல் கண்காணிப்பாளர். சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, பஞ்சாயத்துடையதா என்று பார்த்து அவர்களுக்கும் ஒரு நகல் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பீடத்தை உயர்த்திய அடுத்த மாதமே அடுத்த அடுக்கு தார் வந்துவிடும். மனுவில் உணர்ச்சிகரமாகப் பாரம்பரியம், பெருமை என்றெல்லாம் நீட்ட வேண்டாம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண், பின்கோடு, எதிரே உள்ள கடையின் பெயர், கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது, அடி எத்தனை அங்குலம் புதைந்திருக்கிறது என்று எழுதுங்கள். ரெண்டு படம் இணைத்தால் போதும். எண்ணும் பின்கோடும் இல்லாத மனு, எந்தப் பெட்டி என்று கேட்டு உங்களிடமே திரும்பி வரும்.